மேசையை ஜன்னல் பக்கம் போடு

பள்ளத்தூர்,
தை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் நான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிடலாம், நீயும் உனக்கு நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்.

மார்கழியில் ஒருநாள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய். "வேலையில் குறை இல்லை, சம்பளத்தில் குறை இல்லை, யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, ஆனாலும் எதிலும் ஒட்டவே மாட்டேங்குது, எனக்குத்தான் ஏதோ கோளாறு." அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் கிடந்து உறுத்துகிறது. உன்மேல் நீயே பழி போடுவதற்கு முன்னால், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் எங்கே உட்கார்ந்திருக்கிறாய், கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது, காதில் என்ன விழுகிறது என்று ஒருமுறை பார்.

ஸ்காட்லாந்தில், அந்தக் கிளாஸ்கோவில் இருக்கும் உன் அறையை வீடியோவில் காட்டினாயே, அதை நான் மறக்கவில்லை. வீட்டின் பின்பக்கம். திரையை விலக்கினால் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கட்டிலை ஒட்டி ஆபீஸ் மேசை, அதே மேசையில் சாப்பாட்டுத் தட்டு. நடுப்பகலில் தலைக்கு மேல் லைட் எரிந்துகொண்டிருந்தது. அப்படியோர் அறையில் கிடந்தால் யாருக்கும் சோர்வு வரத்தான் செய்யும், தம்பி.

அம்மா இத்தனை வருஷம் வார்டில் வேலை பார்த்தவள். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் ஓரளவு தெளிந்ததும் கேட்பது ஜன்னலோரக் கட்டிலைத்தான். "சிஸ்டர், அந்தக் கட்டில் காலியானா எனக்குச் சொல்லுங்க" என்று காதோரமாகச் சொல்லி வைப்பார்கள். அங்கே வெளியே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு வேப்பமரம், அதன் கீழே டீக்கடை, பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் வலி ஊசிக்கு அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பிறகுதான் தெரிந்தது, இதையே ஒருவர் முறையாகக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார் என்று. ரோஜர் உல்ரிச் என்று பெயர். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்கு ஒரு செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. 1984இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. 46 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் எனக்கு மனசில் நின்றது வேறொன்று. அழுகிறார், தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நர்ஸுகள் கேஸ் ஷீட்டில் எழுதுவோமே, அந்தக் குறிப்புகள் சுவர்ப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் அதிகமாக இருந்திருக்கின்றன. உன் ஜன்னலுக்கு எதிரே நிற்பதும் சுவர்தான்.

நம் எதிர்வீட்டு ஆச்சியை எடுத்துக்கொள். அந்த வீட்டின் அளவு உனக்குத் தெரியும், இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதும், பத்திரமாக இருக்கட்டும் என்று வளவை, அதாவது நடு முற்றத்துப் பகுதியை, ஒட்டிய உள் அறையில் படுக்க வைத்தார்கள். அந்த அறைகளெல்லாம் சாமான் வைக்கவும் சடங்குக்கும் கட்டியவை. பகலிலும் இருட்டுதான். ஆச்சி சாப்பாட்டைத் தள்ளினார்கள், பேச்சு குறைந்தது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள். நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில், கட்டிலைத் தூக்கி வளவுத் தாழ்வாரத்தில் தூணோரமாகப் போடுங்கள் என்றேன். மறுத்துப் பேச ஆள் இல்லை, போட்டார்கள்.

அங்கே படுத்தால் முற்றத்தின் வெயில் காலையில் மேற்குத் தூண்களில் விழுவது தெரியும். மத்தியானம் நடுவில் இறங்கும், சாயங்காலம் கிழக்கே ஏறிவிடும். வாசல் நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் கட்டிலில் இருந்தபடியே முகப்பைத் தாண்டித் தெரு வரை பார்க்கலாம். யார் போகிறார்கள், பால்காரர் வந்தாரா, வத்தலைக் காக்கா கொத்துகிறதா என்று எல்லாமே ஆச்சி பார்வைக்கு வந்துவிட்டது. சில நாளிலேயே வேலைக்காரப் பெண்ணை அதட்டுகிற சத்தம் நம் வீடு வரைக்கும் கேட்டது. மருந்தும் மாத்திரையும் முன்பு கொடுத்தவைதான். கட்டில் இருந்த இடம் மட்டும்தான் மாறியது.

உனக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது, வெளிச்சம். இங்கே மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கிளாஸ்கோவில் டிசம்பரில் ஏழு மணி நேரம்தான், அதிலும் மேகம். இருபத்தைந்து வருஷம் செட்டிநாட்டு வெயிலில் வளர்ந்த உடம்பு அதை லேசில் ஏற்றுக்கொள்ளுமா? குளிர்காலத்தில் மட்டும் வந்து போகும் மனச்சோர்வை ஒரு நோயாகவே 1984இல் எழுதி வைத்தவர் நார்மன் ரோசந்தால் என்ற டாக்டர். அவர் தென் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்தபோது, பகல் சுருங்கிய மாதங்களில் தனக்கே சுறுசுறுப்பு போய்விடுவதைக் கவனித்திருக்கிறார். உன் மாதிரியே வெயில் ஊரிலிருந்து போன பிள்ளை.

நம் கண்ணில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சத்தை அளந்து மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே தனியாகச் செல்கள் இருக்கின்றன. 2002 வாக்கில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். காலை வெளிச்சம் அவற்றில் பட்டால்தான் தூக்க ஹார்மோன் அடங்கி, ராத்திரி சரியான நேரத்தில் மறுபடி சுரக்கும். வீட்டு லைட் அதற்குப் போதாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள், சாதாரண அறைக்குள் 100 முதல் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் வெயில் வரட்டும் என்று காத்திருக்காதே. எழுந்து காபி குடித்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திற. அதுவும் முடியாத வாரங்களில் 10,000 லக்ஸ் விளக்கு என்று விற்கிறார்கள், காலையில் அரை மணி நேரம் எதிரே வைத்துக்கொள்ளலாம். கண்ணில் ஏதாவது தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதே. அப்புறம் வைட்டமின் டி, தினம் 10 மைக்ரோகிராம். நம் நிறத்துக்காரர்கள் வருஷம் முழுக்கவே எடுப்பது நல்லதென்று அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். அது எலும்புக்கு, மனசுக்கென்று நினைத்துக்கொள்ளாதே. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கும் வெயிலில் அந்த வைட்டமின் உண்டாகாது என்பதையும் ஞாபகம் வை.

மாடியில் குடியிருப்பவர் ராத்திரி பாட்டு வைப்பதாகச் சொன்னாய். சத்தத்தைப் பற்றி நான் படித்தவற்றில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கிளாஸ், சிங்கர் என்று இரண்டு உளவியலாளர்கள். 1972இல் அவர்கள் புத்தகம் வந்தது. ஆட்களை உட்கார வைத்து அவ்வப்போது பெரிய சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். சிலரிடம் மட்டும், தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அமுக்குங்கள், நின்றுவிடும் என்றார்கள். பெரும்பாலானோர் அமுக்கவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த வேலையைப் பொத்தான் இல்லாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நினைத்தால் நிறுத்தலாம் என்ற எண்ணமே பாதி பாரத்தை இறக்கிவிட்டிருக்கிறது. ஆடி மாதம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நாம் தூங்குகிறோமே, திருவிழா முடிந்தால் நின்றுவிடும் என்று தெரிந்திருப்பதால்தானே? நீ அந்த மாடிக்காரரிடம் ஒருமுறை போய்ப் பேசு. சண்டைக்குப் போக வேண்டாம், பேர் கேட்டு, பேர் சொல்லி, காலையில் எத்தனை மணிக்கு வேலை என்று சொல்லிவிட்டு வா. அவர் முழுக்க நிறுத்தாவிட்டாலும், கதவைத் தட்டிச் சொல்லலாம் என்ற தைரியம் உனக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அம்மா ஊருக்குத் திரும்பி வரச் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. வந்தால் சந்தோஷம், அது வேறு பேச்சு. அழகான இடத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் நம்புவதில்லை. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு தெருத்தெருவாக நடக்கிறார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் உள்ள அந்த வீடுகளில் பல, கல்யாணத்துக்கும் பங்காளிகள் கூடிக் கும்பிடும் படைப்புக்கும்தான் திறக்கின்றன. பூட்டிக் கிடக்கும் அழகு யாருக்கு என்ன செய்யும்? 1998இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 கல்லூரி மாணவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் சந்தோஷமாக இருப்பார்கள் என்று அங்கிருந்தவர்களும் சொன்னார்கள், குளிர்ப் பகுதியில் இருந்தவர்களும் சொன்னார்கள். உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு. எந்த ஊர் என்பதற்கு நாம் நினைக்கிற அளவு கனம் இல்லை. எந்த ஜன்னல், எந்த நாற்காலி, கண்ணில் தினமும் யார் படுகிறார்கள் என்பதற்குத்தான் கனம் என்பது என் எண்ணம். கிளாஸ்கோவில் இருந்துகொண்டே அதையெல்லாம் மாற்றலாம்.

உன்னோடு இருக்கும் பையன் பகலில் ஆபீஸ் போய்விடுகிறான், ஹால் ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது என்று நீயே சொன்னாய். அவனிடம் கேட்டுவிட்டு உன் மேசையை அங்கே கொண்டு போ. வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி போடு, தலையைத் தூக்கினால் தெரு தெரிய வேண்டும். அறையில் கட்டில் மட்டும் இருக்கட்டும், படுக்கையில் லேப்டாப் வேண்டாம். சாப்பாட்டை அடுப்படியிலேயே முடித்துக்கொள். வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்றாய், சரி, அடிக்காமல் செய்ய எத்தனையோ இருக்கிறது. அடுத்த வாரம் இங்கிருந்து ஒருவர் எடின்பரோ போகிறார், அவரிடம் சிவப்பும் பச்சையுமாகப் பனையோலையில் பின்னிய கொட்டான், அந்தச் சின்னக் கூடை, ஒன்று கொடுத்தனுப்புகிறேன். சாவியைப் போட்டு மேசைமேல் வை. சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு ஒரு நிறம் வேண்டும்.

சனிக்கிழமையில் கெல்விங்க்ரோவ் பூங்காவுக்குப் போ. இங்கிலாந்தில் 20,000 பேரிடம் எடுத்த கணக்கு 2019இல் வந்தது. வாரத்துக்கு 120 நிமிஷமாவது மரம் செடிகொடி இருக்கும் இடத்தில் கழிப்பவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாம். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் போனாலும் வித்தியாசம் இல்லையாம். நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்றும் கேட்கலாம், ஆனால் போவதால் உனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மழை பெய்தால் பொட்டானிக் கார்டன்ஸில் கிபிள் பேலஸ் என்று 1873இலிருந்து நிற்கும் கண்ணாடி மாளிகை இருக்கிறது, கட்டணம் கிடையாது. உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் மரப்பெரணிகள். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நாலு குழந்தைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வா.

இனி நர்ஸாகச் சொல்கிறேன், கவனமாகக் கேள். மேசையை நகர்த்துவதும் நடப்பதும் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இதே சோர்வு, தூக்கம் கெடுவது அல்லது எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பது, பிடித்த சாப்பாடும் பிடிக்காமல் போவது என்று இருந்தால் உன் பேட்டை டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கு. இருந்து என்ன பயன் என்று ஒரு நினைப்பு வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராதே, அன்றைக்கே உதவி கேள். எந்த நேரமானாலும் என்னையும் எழுப்பு. ஜுரத்துக்குப் போவது மாதிரிதான் இதற்கும் போக வேண்டும். வார்டில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு உள்ளேயே வைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், என் பிள்ளை அப்படி இருக்கக் கூடாது.

மேசையை மாற்றிப் போட்டதும், அங்கே உட்கார்ந்தால் எதிரே என்ன தெரிகிறதென்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் கூப்பிடாமல் உன் நடுப்பகலில், வெளியே நடந்துகொண்டே கூப்பிடு. உனக்குப் பன்னிரண்டு என்றால் எங்களுக்கு ஐந்தரை, அப்பாவும் அந்நேரம் வீட்டில்தான் இருப்பார்.

அன்புடன்,
அம்மா