நியூட்டனைத் திரும்ப அழைத்து வந்த தலைமையாசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நியூட்டன் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆப்பிள் மரம் இருந்தது, கேம்பிரிட்ஜ் இருந்தது. அவர் படித்த பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். அந்த விடுபடல் மனதை உறுத்துகிறது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கிராந்தம் என்ற ஊரில் இருக்கிறது அந்தப் பள்ளி. இன்று அதன் பெயர் கிங்ஸ் ஸ்கூல். பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வின்செஸ்டரின் பிஷப்பாக உயர்ந்த ரிச்சர்ட் ஃபாக்ஸ், ஏற்கெனவே அந்த ஊரில் நடந்துவந்த பள்ளிக்கு 1528இல் நிலையான வருமானம் கிடைக்க வழிசெய்தார். அவர் காலத்துக் கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் ஜன்னல் விளிம்பில் நியூட்டன் செதுக்கியதாகச் சொல்லப்படும் பெயரையும் காட்டுகிறார்கள்.

அது ஒரு கிராமர் ஸ்கூல். கிராமர் ஸ்கூல் என்றதும் ஆங்கில இலக்கணம் கற்றுத்தரும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். அங்கே இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம். பையன்களுக்கு மட்டும்தான் இடம். இந்த லத்தீன் வழக்கம் எவ்வளவு இறுகியிருந்தது என்றால், லீட்ஸ் நகரப் பள்ளியில் நவீன பாடங்களையும் நடத்தலாமா என்ற வழக்கு வந்தபோது, லத்தீன், கிரேக்கத்துக்காக வைத்த பணத்தை வேறு பாடங்களுக்குத் திருப்பக்கூடாது என்று 1805இல் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்படிப்பட்ட பள்ளிக்குத்தான் நியூட்டன் 12 வயதில் போய்ச் சேர்ந்தார். ஊரான வுல்ஸ்தார்ப்பிலிருந்து தினமும் நடக்க முடியாத தூரம். அதனால் ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் தங்கினார். முதலில் படிப்பில் பின்தங்கித்தான் இருந்தார். ஆனால் கை சும்மா இருக்காது. குட்டிக் காற்றாலை செய்வார், சுவரில் சூரியக் கடிகாரம் வரைவார். அப்புறம் படிப்பிலும் முன்னேறி முதலிடத்துக்கு வந்தார்.

அந்த நேரத்தில்தான் அம்மா அவரை ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கணவரை இழந்தவர், நிலம் நீச்சு உள்ள குடும்பம், மூத்த பையன் பொறுப்பெடுக்க வேண்டாமா? அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையனுக்கோ விவசாயத்தில் மனம் ஒட்டவில்லை. 1659 அக்டோபரில், ஆடுகளை அடுத்தவர் நிலத்தில் மேயவிட்டதற்காக ஊர் நீதிமன்றம் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம் போட்டது பதிவிலேயே இருக்கிறது.

தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இந்தப் பையனை வயலில் விட்டுவைக்கக்கூடாது என்று அம்மாவிடம் வாதாடினார். வெளியூர்ப் பிள்ளைகள் கட்டவேண்டிய 40 ஷில்லிங் கட்டணமே வேண்டாம் என்றார். கேம்பிரிட்ஜில் படித்திருந்த தாய்மாமனும் அவர் பக்கம் நின்றார். பையன் பள்ளிக்குத் திரும்பினான். 1661 ஜூனில் கேம்பிரிட்ஜ் போனான். புறப்படும் முன் ஸ்டோக்ஸ் அவனை மற்ற மாணவர்களுக்கு முன்னால் நிறுத்தி, கண்கலங்கப் பாராட்டிப் பேசினார் என்று நியூட்டனின் நண்பர் ஸ்டூக்லி எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது.

கிங்ஸ் ஸ்கூல் இன்றும் கிராமர் ஸ்கூல்தான். ஆனால் இன்று அந்தப் பெயருக்கு லத்தீன் பள்ளி என்று பொருள் இல்லை, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி என்று பொருள். இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் 163 அரசு கிராமர் பள்ளிகளில் ஒன்று. நுழைவுத்தேர்வில் தேறும் பிள்ளைகளுக்குத்தான் 11 வயதில் அங்கே இடம். அந்த வயதில் தரம் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 12 வயதில் அதே பள்ளியில் நியூட்டன் எந்த இடத்தில் இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கட்டுரையைப் புத்தகமாகக் கொண்டுவரும்போது ஹென்றி ஸ்டோக்ஸுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்