பெல்ட்டைக் கொஞ்சம் மெதுவாகக் கொடுங்கள், மாஸ்டர்

தமிழ்நாட்டில் பள்ளி மைதானங்களிலும் மொட்டை மாடிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் கராத்தே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. காலேஜில் படித்த நாளிலிருந்து கராத்தே பழகுகிறேன், இன்னும் விடவில்லை. உங்களில் ஒருவர் மாலையில் எங்கள் மைதானத்துக்கு வந்து வகுப்பெடுக்கும்போது கூட நிற்பவள். போட்டி என்றால் பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கூட்டிப்போய், பசிக்கு வாங்கிக்கொடுத்து, இரவு பெற்றோர் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, மாலையில் இரண்டு பள்ளி, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்று ஓடுகிறவர்கள் நீங்கள். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த பெல்ட்டுக்கான தேர்வை, அதாவது கிரேடிங்கைக் குறையுங்கள், பயிற்சியைக் கூட்டுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங் என்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று ஒரு பிள்ளை ஒன்றரை வருடத்தில் பாதி வழி ஏறிவிடுகிறது. கிரேடிங்குக்கு முந்தைய மாதம் வகுப்பைப் பார்த்தாலே தெரியும். அந்த மாதம் முழுக்க ஸ்டான்ஸ் (நிற்கும் நிலை) திருத்துவது கிடையாது, இடுப்பைத் திருப்பச் சொல்வது கிடையாது, ஜோடி சேர்ந்து செய்வது கிடையாது. கட்டா என்ற அசைவுத் தொடரின் வரிசை மனப்பாடம் மட்டும்தான். தேர்வுக்கு முந்தைய வாரம் டியூஷன் சென்டரில் நடப்பது மைதானத்தில் நடக்கிறது. தேர்வு முடிந்ததும் அடுத்த கட்டா தொடங்கிவிடும். பழையது அங்கேயே நின்றுவிடும்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஹெய்யான் ஷோடான் உங்களுக்குத் தெரியாததல்ல; சில ஸ்டைல்களில் அதையே பினான் நிடான் என்கிறார்கள். இடப்பக்கம் திரும்பி கெடான் பராய் (கீழ்த்தடுப்பு), ஒரு அடி முன்னால் வைத்து பன்ச், அப்படியே பின்பக்கம் திரும்பி மறுபடி கெடான் பராய். அதற்கு அடுத்தது நான்காவது அசைவு. வலக்கையை உள்ளே இழுத்து, முன்காலையும் கொஞ்சம் பின்னுக்கு வாங்கி, கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து முஷ்டியின் அடிப்பக்கத்தால் இறக்குவது. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பச்சை பெல்ட், இந்தக் கட்டாவை அழகாகச் செய்வாள். கியாய் சத்தம் கணீரென்று இருக்கும். “இந்த இடத்தில் கையை ஏம்மா இழுக்கிறாய்?” என்று கேட்டேன். “அது அப்படித்தான் மிஸ் வரும்” என்றாள்.

அவளுடைய வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். “இப்போது அதே அசைவைச் செய்” என்றேன். முதலில் கையை மட்டும் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. “கட்டாவில் கால் என்ன செய்கிறது?” என்றேன். காலைப் பின்னுக்கு வாங்கினாள், உடம்பு எடை பின்னால் போனது, என் கட்டைவிரல் பக்கமாக அவள் கை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சுற்றி வந்த முஷ்டி என் முன்கைக்கு மேலே ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் முழுக்க வகுப்பில் இருந்த அத்தனை பேரிடமும் மணிக்கட்டை நீட்டி “பிடி, பிடி” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த ஒரு அசைவைப் புரியவைக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் வகுப்பில் இல்லாமல் போனதற்குக் கிரேடிங் அட்டவணைதான் காரணம் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடத்துக்குள் கராத்தேயைக் கொண்டுவந்தவர் ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த அங்கோ இடோசு. சிறுவர்களுக்கு ஏற்றதாகப் பினான் கட்டாக்களை அமைத்துத் தந்ததும் அவர்தான். கராத்தேயைப் பள்ளிகளில் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று 1908 அக்டோபரில் அவர் பத்து அம்சங்களாக எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதைச் சேர்த்தால் அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அதில் எழுதினார். உடற்கல்வி ஆசிரியையான எனக்கு அந்த இடம் மிகவும் நெருக்கமானது. ஒவ்வொரு அசைவையும் பலமுறை செய்ய வேண்டும், அதன் பொருள் என்ன, எங்கே எப்படிப் பயன்படும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். கராத்தே சீக்கிரம் வந்துவிடாது, மெதுவாக நடக்கும் எருதுதான் கடைசியில் ஆயிரம் காதம் போய்ச் சேரும், நாள்தோறும் பழகினால் மூன்று நான்கு வருடத்தில் உடம்பே மாறிவிடும் என்றும் எழுதியிருக்கிறார். அவர் காலமானது 1915-இல். அவர் இடுப்பில் எந்த பிளாக் பெல்ட்டும் இருந்ததில்லை, எந்த டான் தகுதியும் அவருக்குக் கிடையாது. அந்த ஏற்பாடே ஜூடோவின் ஜிகோரோ கானோ கொண்டுவந்தது. இடோசுவின் மாணவர் கிச்சின் ஃபுனாகோஷி அதைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டு முதல் பிளாக் பெல்ட்டுகளைக் கொடுத்தது 1924-இல்.

அந்த ஃபுனாகோஷியும் பள்ளி ஆசிரியர்தான். பகலில் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆசான் அசாத்தோ வீட்டு முற்றத்தில் ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்திருக்கிறார். ஆசான் சரி என்று சொல்லும்வரை அடுத்தது கிடையாது. டெக்கி கட்டாக்கள் மூன்றுக்கும் பத்து வருடம் ஆனதாக அவரே எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்குப் பத்து வருடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கட்டாவுக்கு ஒரு வருடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மாதக் கட்டணத்தில் இடத்து வாடகைகூடக் கட்ட முடியாது, கிரேடிங் ஃபீஸ் வந்தால்தான் வண்டி ஓடும். பெற்றோரும் விடுவதில்லை. “பக்கத்து கிளாஸில் பையன் ப்ளூ பெல்ட் வாங்கிட்டான், எங்க பையன் இன்னும் மஞ்சள்லயே இருக்கானே மாஸ்டர்” என்று வாசலில் நிற்பார்கள். பிள்ளையை நிறுத்திவைத்தால் வேறு கிளாஸுக்குப் போய்விடுவார்கள். இதெல்லாம் நிஜம். அதனால்தான் சொல்கிறேன், மாதக் கட்டணத்தை நியாயமாக ஏற்றுங்கள், கிரேடிங்குக்குத் தனியாகப் பணம் வாங்குவதை விட்டுவிடுங்கள். சொல்லித்தருவதற்குத்தான் சம்பளம், பெல்ட்டுக்கு விலை கிடையாது என்று சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிட்டால், “இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும்” என்று சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்காது. இப்போது பிள்ளையை ஃபெயில் ஆக்குவதில் மாஸ்டருக்கே நஷ்டம். அந்த நிலையில் யாரால் கறாராக இருக்க முடியும்?

பெற்றோருக்குப் புரியவைப்பதில் என்னைப் போன்ற பி.டி. ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. கூப்பிடுங்கள், வந்து பேசுகிறேன்.

அடுத்தது சாகச நிகழ்ச்சிகள். ஆண்டு விழா மேடையில் எட்டு வயதுப் பிள்ளை கையால் ஓடு உடைக்கிறது. ஓட்டின் மேல் நெருப்பு வேறு. சிமென்ட் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால் எடுக்கிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தகடுகள் இருக்கின்றன. பதின்பருவம் முடியும்வரை அவை முழு எலும்பாக இறுகுவதில்லை. அங்கே திரும்பத் திரும்ப அடி விழுந்தால் அந்த எலும்பு வளர்வதே பாதிக்கப்படலாம். கை ஓங்கிய கணத்தில் கைதட்டுகிறவர்கள் யாரும் பிறகு அந்தக் கையைப் பார்க்கப் போவதில்லை. உலக சாதனை என்று சொல்லி நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் ரோட்டில் நிறுத்தி ஒரே பன்ச்சை மணிக்கணக்கில் போடவைப்பதும் அதே வகைதான். ஒரு சான்றிதழும் ஒரு மெடலும் கிடைக்கிறது, ஆளுக்கொரு நுழைவுக் கட்டணமும் போகிறது. அன்றைக்கு எந்தப் பிள்ளைக்கு எந்த அசைவு திருந்தியது? நடுவில் தண்ணீர் குடிக்கக் கேட்டால் திட்டு விழுவதையும் பார்த்திருக்கிறேன். தாகத்தை அடக்குவதில் வீரம் எதுவும் இல்லை, மாஸ்டர். நம்முடைய ஏப்ரல் மே வெயிலில் அது ஆபத்து.

சண்டையிலும் அளவு முக்கியம் என்பதை டோக்கியோ ஒலிம்பிக்கே காட்டிவிட்டது. 2021 ஆகஸ்டில் நடந்த கனரகப் பிரிவு இறுதிப்போட்டியில் சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உதை ஈரானின் சஜாத் கஞ்ஜாதேயின் தலையில் முழு வேகத்தில் இறங்கியது. ஆள் நினைவிழந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத்தான் தங்கம். கட்டுப்பாடில்லாத அடிக்கு ஹமேதி தகுதிநீக்கம் ஆனார். அந்தத் தீர்ப்பை எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் போட்டி விரிப்புக்கு வெளியே நின்று “அடிடா, விடாதே” என்று கத்துகிற குரல்களில் மாஸ்டர்களின் குரலும் கேட்கிறது. பத்து வயதுப் பையனுக்கு அந்தக் குரல்தான் விதி.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி எடுத்த மாஸ்டர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அது நல்ல வேலை, அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மூன்று மாதத்தில் கராத்தே வராது. ஆனால் பல இடங்களில் அந்த மூன்று மாதமும் வரிசையில் நின்று காற்றில் பன்ச் போடுவதிலும், நிறைவு விழாவுக்கு ஒரு கட்டாவைத் தயார் செய்வதிலும் போய்விடுகிறது. அந்தப் பெண்களுக்கு வேண்டியது வேறு. முதலில் குரல். “கையை எடு” என்று வயிற்றிலிருந்து சத்தமாகச் சொல்லப் பழக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து மெதுவாகப் பேசு என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது பன்ச்சைவிடக் கஷ்டம். முதல் வாரம் பாதிப் பேருக்குச் சத்தமே வராது, சிரிப்பு வரும். விடாமல் செய்யவையுங்கள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தால், தலைமுடியைப் பிடித்தால், பஸ்ஸில் பின்னாலிருந்து நெருக்கினால் என்ன செய்வது என்பதை ஜோடி ஜோடியாக, பள்ளிச் சீருடையிலேயே, தோளில் புத்தகப் பையோடு பழக்குங்கள். சல்வார் துப்பட்டாவோடு உதைக்க முடிகிறதா என்று அவர்களே செய்து பார்க்கட்டும். கடைசியாக ஓடுவது. விடுபட்டதும் ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடி, நடந்ததை யாரிடமாவது சொல்வது வரைக்கும் பயிற்சியில் சேர்த்தி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளும் வாய்விட்டுச் சொல்லட்டும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் நேராகவே சொல்கிறேன். தற்காப்பு சொல்லித்தரும் இடமே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லாமல் போன செய்திகள் நம் மாநிலத்தில் வந்திருக்கின்றன. தனி வகுப்பு என்று ஒரு பிள்ளையை மட்டும் கதவு மூடிய அறைக்குள் அழைப்பது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று போர்டு எழுதி மாட்டுங்கள். போட்டிக்கு வெளியூர் போனால் பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் துணை கட்டாயம். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் காவல்துறையில் சொல்லியே ஆகவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. சங்கத்துக்குள் பேசி முடிக்கிற விஷயம் அல்ல அது.

சிலம்ப ஆசான்களிடமும் ஒரு வார்த்தை. அரசு வேலை விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் கால்பாடம் படியாத பிள்ளைகளைக் கம்பைச் சுழற்றவிட்டு மேடையேற்றும் அவசரம் அங்கேயும் வந்துவிட்டது. கராத்தேயில் நடந்ததைப் பார்த்தாவது நிதானம் காக்கலாம்.

கடைசியாக உங்கள் சொந்தப் பயிற்சி. இதைச் சொல்லத்தான் அதிகம் யோசித்தேன். பல மாஸ்டர்கள் கையில் பிரம்பு, கழுத்தில் விசில், காதில் போன் என்று வகுப்பை நடத்துகிறார்கள். தாங்களே வியர்க்கப் பயிற்சி செய்து வருடங்கள் ஆகியிருக்கும். நேரமில்லை என்பது உண்மை. முழங்கால் வலியும் உண்மை. ஆனால் என் மாஸ்டர் அறுபது வயதுக்கு மேலும் வகுப்பின் முதல் இருபது நிமிடம் எங்களோடு வரிசையில் நிற்பார். கிஹோன் என்ற அடிப்படைப் பயிற்சி முழுவதையும் எங்களோடு செய்வார். உதை இடுப்புக்கு மேல் போகாது. ஆனால் அந்த வயதில் ஸ்டான்ஸை எப்படிச் சுருக்கிக்கொள்கிறார், மூச்சை எங்கே விடுகிறார் என்று பார்த்து நான் கற்றதை எந்தக் கிரேடிங்கிலும் கற்கவில்லை. பிள்ளைகள் நாம் சொல்வதைவிடச் செய்வதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் பள்ளி மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை மாஸ்டர்களின் பயிற்சிக்காகத் திறந்துவிடத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். ஷோட்டோகானோ, கோஜுவோ, ஷிட்டோவோ, இஷின்ரியுவோ, எந்த ஸ்டைலாக இருந்தாலும், எந்தச் சங்கத்தில் இருந்தாலும் வரலாம். பேனர் கிடையாது, போட்டோ கிடையாது, சீனியர் ஜூனியர் வரிசை கிடையாது. எல்லோரும் வெள்ளை பெல்ட் கட்டிக்கொள்ளலாம் என்று என் மாஸ்டர் சொன்னார். முதல் மாதம் ஹெய்யான் ஷோடானை மட்டும் எடுத்துக்கொள்வோம்; அந்தக் கட்டா இல்லாத ஸ்டைல்காரர்களும் சேர்ந்து செய்யலாம். அந்த நான்காவது அசைவுக்கு நீங்கள் என்ன விளக்கம் சொல்கிறீர்கள் என்று கேட்க நான் ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஓர் உடற்கல்வி ஆசிரியை