பாப்பாவின் பிளஸ் ஒன் குறித்து

ஒரத்தநாடு

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது.

பாப்பா பத்தாம் வகுப்பு முடித்ததும் அவளை விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் நீட் பயிற்சி கொடுத்து மருத்துவர் ஆக்கிவிட வேண்டும் என்று நீ போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். அதையே நான்கு நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஷார்ஜாவில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, மகளின் படிப்புக்கென்று மாதாமாதம் எடுத்துவைக்கும் உன் அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் அரசுப் பள்ளியில் 32 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். உன் படிப்பு விஷயத்தில் ஒரு பெரிய தவறு செய்தவளும் நான்தான். இதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாது என்பதால் எழுதுகிறேன்.

2002-இல் நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் 96 வாங்கிவந்த அன்றே, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதல் குரூப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். "காமர்ஸ் எடுக்கட்டுமா அம்மா?" என்று நீ ஒரே ஒரு முறை கேட்டாய். தாத்தாவின் நெல் வரவு செலவை ஆறாம் வகுப்பிலிருந்தே பிழையில்லாமல் எழுதிவந்த பிள்ளை நீ. காமர்ஸ் என்பது மதிப்பெண் குறைந்தவர்களுக்கான குரூப் என்று அன்று ஆசிரியர் அறையில் நிலவிய எண்ணம் என் மண்டையிலும் இருந்தது. நீ நுழைவுத் தேர்வு எழுதினாய், கவுன்சலிங்குக்குப் போனாய், இயந்திரவியல் படித்து முடித்தாய். அதன் பிறகு உன் சொந்தச் செலவில் கணக்கியல் கற்றுக்கொண்டு, இன்று கணக்கர் வேலையில் இருக்கிறாய். பதினைந்து வயதில் உன்னிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் உனக்கு ஐந்தாறு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். இதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை காலம் ஆகிவிட்டது.

இப்போது பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதத்தில் நம் சிவப்பு மாடு கன்று ஈன முடியாமல் தவித்த இரவில், கால்நடை மருத்துவர் வந்து கன்றின் தலையைத் திருப்பி வெளியே எடுக்கும் வரை, டார்ச் விளக்கைக் கை நடுங்காமல் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அன்றிலிருந்து எந்த மாட்டுக்கு என்றைக்குச் சினை ஊசி போட்டது, எத்தனை லிட்டர் கறந்தது என்று தனி நோட்டில் எழுதிவருகிறாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று என்னிடமும் மருமகளிடமும் சொல்லியிருக்கிறாள். நீ ஏமாற்றம் அடைவாயோ என்று உன்னிடம் சொல்லத் தயங்குகிறாள்.

அந்தப் படிப்புக்கு நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 விழுக்காடு இடங்களுக்கு மட்டுமே நீட் மதிப்பெண் வேண்டும். படிப்பு, ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதற்கான கல்லூரி ஒன்று நம் ஒரத்தநாட்டிலேயே இருக்கிறது.

நீ அவசியம் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்த உரிமை அன்றோடு போய்விடும். கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அவளால் சேர முடியாது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி, கையில் இருக்கும் வாய்ப்பையும் இழப்பது என்ன கணக்கு தம்பி? அவள் எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும் என்பதே உன் விருப்பமானாலும், இந்த மாற்றம் அதற்கும் எதிராகத்தான் வேலை செய்யும்.

பயிற்சியை மட்டுமே நம்பி நடக்கும் பள்ளிகளில் வேறொரு ஆபத்தும் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்தை நடத்தும் வழக்கம் முன்பு பரவலாக இருந்ததால்தான், 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது அந்தத் தேர்வு கைவிடப்பட்டிருப்பதால் பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. நீட், பொறியியலுக்கான ஜே.இ.இ. இரண்டிலும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன. பிளஸ் ஒன் இயற்பியல் புரியாத பிள்ளை பிளஸ் டூவில் திணறுவதை நான் வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறேன்.

அதற்காக இன்றைய அவளுடைய ஆசையை இறுதி முடிவாகக் கொள்ளவும் நான் சொல்லவில்லை. பதினான்கு வயதில் தோன்றும் விருப்பம் பதினேழு வயதில் மாறலாம். ஆகவே கணிதத்தோடு உயிரியலும் சேர்ந்த குரூப்பை அவள் எடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். உயிரியல் இருந்தால் கால்நடை மருத்துவம், எம்.பி.பி.எஸ்., செவிலியர் படிப்பு, வேளாண்மை என எதற்கும் போகலாம். கணிதமும் இருந்தால் பொறியியலோடு, கால்நடைப் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். இந்தக் குரூப்பின் சுமை அதிகம் என்பதை நான் மறைக்கவில்லை. அவளுக்கு இயற்கணிதத்தில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தொடங்குவதற்குள் அதைச் சரிசெய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் ஒரு மணி நேரம் போதும். ஒருவேளை அவளுக்குக் கணக்கு பிடிக்கவே இல்லை என்று தெரிந்தால், தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப்பைத் தயங்காமல் எடுக்கட்டும்.

அவள் பள்ளியில் என்னென்ன குரூப்புகள் இருக்கின்றன, இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று அடுத்த வாரம் தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டுவருவேன். குறை இருந்தால் தஞ்சாவூரில் வேறொரு அரசு மேல்நிலைப் பள்ளியைப் பார்ப்போம். கோடை விடுமுறையில், கால்நடை மருந்தகத்து மருத்துவரிடம் அனுமதி கேட்டு, ஒரு நாள் முழுவதும் அங்கே அவளை உட்காரவைக்கப்போகிறேன். புண்ணும் சீழும் சாணமும் சேர்ந்த அந்த வேலையின் அன்றாடத்தை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகும் அவள் அதையே கேட்டால் நாம் நம்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது நான் தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். மதிப்பெண் பற்றியோ நீட் பற்றியோ எதுவும் கேட்காமல், அந்த மாட்டு நோட்டில் என்ன எழுதியிருக்கிறாள் என்று மட்டும் கேள். மற்றதை அவளே சொல்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா