அந்தப் பச்சை நோட்டு இன்னும் இருக்கிறதா?

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? எட்டு மாதமாகப் பதில் போடாததற்கு என்ன திட்ட வேண்டுமோ திட்டிவிடு. திட்டி முடித்ததும் பீரோ மேல்தட்டில் பார். அந்தப் பச்சை நோட்டு இருக்கிறதா? பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

விஷயம் இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியபோது நம் மொட்டைமாடிப் படங்கள் மொத்தமும் கிடைத்தன. 2019 டிசம்பரிலிருந்து 2020 மார்ச் வரை, 412 படம். திருவாதிரை நட்சத்திரம் மங்கிக்கொண்டே போய், வெடிக்கப்போகிறதோ என்று பேச்சு அடிபட்ட நாட்கள். "வெடிச்சா நம்ம வீட்டுக் கண்ணாடி உடையுமா" என்று ராமு அண்ணன் கேட்டாரே, அதே சமயம். வழக்கமாக 0.5 ஒளியளவில் (எண் கூடினால் வெளிச்சம் குறைவு) இருக்கிற நட்சத்திரம் பிப்ரவரியில் 1.6-க்கு இறங்கி, பக்கத்து நட்சத்திரமான பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாக நின்றது. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிச்சம். அதே பெல்லாட்ரிக்ஸ் நம் எல்லாப் படத்திலும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் அந்த இறக்கத்தை நாமே வரைந்துவிடலாம் என்று ஆசை வந்துவிட்டது.

அளக்கிற மென்பொருள் ஃபிட்ஸ் கோப்பைத்தான் கேட்கிறது. 1981-ல் வானியல்காரர்கள் வகுத்த வடிவம், இன்றுவரை அதுதான். எனக்கு அதில் பிடித்ததே அதன் பழைய காலத்துப் பிடிவாதம். முன்னால் ஒரு தலைப்பு, அதில் ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து, துளைபோட்ட அட்டைக் காலத்து வழக்கம். 36 வரி சேர்ந்தால் 2880 பைட், ஒரு கட்டு. நாலே வரி இருந்தாலும் மீதியை வெற்றிடத்தால் நிரப்பி 2880 ஆக்கியே தீரவேண்டும். நம் கணக்கு வாத்தியார் வகுத்தது மாதிரி இல்லை?

நான் செய்ததைக் கேள். படங்களை வடிவம் மாற்றுகிற இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஒரே வரிக் கட்டளை. ஜேபெக் உள்ளே போனது, ஃபிட்ஸ் வெளியே வந்தது. 412-ம் முடிய ஒரு காபி நேரம்தான். பெருமையாக அளந்து பார்த்தால் திருவாதிரை கொஞ்சம்கூட மங்கவே இல்லை! இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஜேபெக்கில் ஒரு புள்ளிக்கு 256 படிதான். அதோடு கண்ணுக்கு அழகாகத் தெரியட்டும் என்று கேமரா மங்கலை ஏற்றி, பளிச்சை அமுக்கிவிடுகிறது. இரண்டு மடங்கு வெளிச்சம் இரண்டு மடங்கு எண்ணாகப் பதிவதில்லை. வார்த்த தோசையை மறுபடி மாவாக்க முடியுமா?

ரா ஃபைலையும், அதாவது கேமரா கைவைக்காத சென்சார் எண்களையும், சேர்த்து வை என்று அப்போது நச்சரித்தது நீ. கார்டு நிறைகிறது என்று கத்தியது நான். சரி, ஒப்புக்கொள்கிறேன், நீ ஜெயித்தாய்.

ராவைத் திறக்க டிசிரா என்கிற குட்டிக் கருவி. செல்வம் மகள் கயல் போனில் கட்டளையைச் சொன்னாள்: "மைனஸ் டி, மைனஸ் நாலு, மைனஸ் டி, அங்கிள்." நான் இரண்டுக்கும் ஒரே டியை, அதுவும் சின்ன எழுத்தில், அடித்துவிட்டேன். முதல் டி டில்லிக்கு வருகிற டி, இரண்டாவது தேநீர் டீ, இரண்டுமே பெரிய எழுத்து. பெரிய டில்லி டி என்றால் சென்சார் எண்ணை அப்படியே கொடு என்று அர்த்தம். சின்னதென்றால் எண்களை நீட்டிவிடும். பாவம், அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் அப்பாவிடம் இல்லாத குணம்.

அதை ஃபிட்ஸாக்கிய அப்புறமும் விடவில்லை சனி. நான் எழுதிய பத்து வரி புரோகிராம் வானத்தின் இருட்டு மூலையை -31668 என்றது. நட்சத்திரம் கேள்விப்பட்டிருக்கிறேன், கடன்பட்ட வானம் கேள்விப்பட்டதில்லை. பார்த்தால், ஃபிட்ஸில் 16 பிட் எண் பிளஸ், மைனஸ் இரண்டும் கொள்ளும், பாதி மைனஸ் பக்கம். 32768-ஐக் கூட்டிக்கொள் என்று தலைப்பில் 'பிஜீரோ' என்று ஒரு வரி இருக்கிறது. நான்தான் தலைப்பைத் தாண்டிக் குதித்துப் படித்திருக்கிறேன். கூட்டினால் 1100. கடன் அடைந்தது. படம் தலைகீழாக வந்ததும் இதே சாதிதான். ஃபிட்ஸில் முதல் வரி கீழே.

இப்போது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. தலைப்பில் 'டேட்-ஆப்ஸ்' என்ற இடத்தில் படம் எடுத்த தேதியும் நேரமும் வேண்டும். நம் கேமராவின் லட்சணம் உனக்குத் தெரியும், பேட்டரியைக் கழற்றினாலே கடிகாரம் ஜனவரி 1-க்குப் போய்விடும். அதனால் 412 படமும் 2012 ஜனவரி 1 என்று சத்தியம் செய்கின்றன. ஃபைல் எண்ணால் வரிசை தெரிகிறது, எந்த ராத்திரி எது என்று தெரியவில்லை. தேதி இல்லாமல் வரைபடம் எப்படிப் போடுவது? கொடைக்கானலில் 1904-லிருந்து சூரியனை எடுத்துச் சேர்த்த கண்ணாடித் தகடுகளையும் இப்படித்தான் எண்களாக்கியிருக்கிறார்கள். தேதி தெரியாவிட்டால் அதெல்லாம் என்ன, கண்ணாடிதான்.

எந்தப் படம் எப்போது என்று ஒவ்வொரு ராத்திரியும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்தப் பச்சை நோட்டில் நீ பென்சிலால் எழுதினாய். "பால் கணக்கா?" என்று கேட்டுச் சிரித்தவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிடைத்தால் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. நேரத்தை நீ எழுதியபடியே அனுப்பு. ஐந்தரை மணி கழித்து உலக நேரமாக்குவது என் பாடு. ராத்திரி 2 மணிப் படம் முந்தின தேதிக்குப் போய்விடும், ஆர்வக்கோளாறில் நீயும் ஒருமுறை கழித்துவைக்காதே. பிப்ரவரியில் கரண்ட் போய், ஊரே இருண்டு, நாம் மட்டும் குதித்தோமே, அந்த ராத்திரிப் பக்கத்தை முதலில் தேடு. அந்த 30 படமும் தெளிவு.

முட்டை போண்டா பாக்கி எனக்கு நினைவிருக்கிறது.

உன்,
பாலு