நிறத்தை முகர்வதும் எண்ணில் நிறம் தெரிவதும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு வண்ண அட்டையை முகர்ந்தே நிறம் சொல்லும் சிறுவனைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தீர்கள். படமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ‘இதைத்தான் விஞ்ஞானிகள் சினெஸ்தீசியா என்கிறார்கள்’ என்று ஒரு வரி வருகிறதே, அதை அப்படியே விட மனசு வரவில்லை. இரண்டும் வேறு வேறு சார். ஒன்று மூளையில் நிஜமாக நடப்பது. மற்றது ஃபீஸ் வாங்கிக்கொண்டு நடத்தும், பெயருக்கு ஏற்ற கண்கட்டு வித்தை.

சினெஸ்தீசியா உள்ளவர்களுக்கு ஒரு புலனில் படுவது இன்னொன்றையும் சேர்த்து எழுப்பிவிடும். எழுத்தையோ எண்ணையோ பார்த்தால் நிறம், சிலருக்கு இசை கேட்டால் நிறம், மிகச் சிலருக்கு ஒரு சொல் காதில் விழுந்தால் நாக்கில் சுவை. என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு பெண்ணுக்கு 7 கத்திரிப்பூ நிறம், 4 இளம்பச்சை. கறுப்பில் அச்சடித்தது கறுப்பாகத் தெரியவில்லையா என்று கேட்டால், “கறுப்பாத்தான் சார் தெரியுது, ஆனா பச்சையும் இருக்கு” என்கிறாள். அவளுடைய அத்தைக்குக் கிழமைகளில் நிறம் உண்டாம். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதை ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் 1880-களிலேயே எழுதிவைத்துவிட்டார். அவ்வளவு அபூர்வமும் இல்லை. பிரிட்டனில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, எல்லா வகையும் சேர்த்தால் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கிறது என்றது.

சும்மா கதை விடுகிறார்களோ என்ற சந்தேகம் யாருக்கும் வரும், வரவும் வேண்டும். அதற்குத்தான் சோதனை. எந்த எழுத்துக்கு என்ன நிறம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, பல மாதம் கழித்து முன்னறிவிப்பே இல்லாமல் திரும்பக் கேட்பார்கள். நிஜமாக உள்ளவர்கள் ஏறக்குறைய அதே நிறங்களைச் சொல்வார்கள், மனப்பாடம் செய்து வந்தவர் பாதியில் உளறிவிடுவார். இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. தாள் முழுக்கக் கறுப்பு 5-களை இறைத்து, அவற்றுக்கு நடுவே சில 2-களை முக்கோணமாக வைத்துவிடுவது. கட்டங்கட்டமான எழுத்தில் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போலவே இருக்கும் என்பதால் நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2 ஒரு நிறம், 5 ஒரு நிறம் என்று தெரிபவர்களோ அந்த முக்கோணத்தை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். இதை எட்வர்ட் ஹப்பார்டுடன் சேர்ந்து 2001-ல் எழுதிய மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் எங்கே மருத்துவம் படித்தார் தெரியுமா? நம்ம பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில்! வடசென்னை என்றாலே வேறு மாதிரிச் செய்திதான் போடுவீர்கள், இதையும் ஒருநாள் போடுங்கள்.

அவர் சொன்ன காரணமும் எளிது. எழுத்து வடிவத்தை அடையாளம் காணும் இடமும் நிறத்தைக் கவனிக்கும் இடமும் மூளையின் அடிப்பக்கத்தில் ஒட்டினாற்போல இருக்கின்றன. குழந்தைப் பருவத்தில் கழித்துவிடப்பட வேண்டிய நரம்பு இணைப்புகள் சிலருக்கு அங்கே மிச்சம் இருந்துவிடலாம், அதனால் ஒன்று வேலை செய்யும்போது மற்றதும் தூண்டப்படுகிறது என்பது அவர் கருத்து. வேறு சிலர், இணைப்பு எல்லாருக்கும் உண்டு, அதை அடக்கிவைப்பதுதான் இவர்களுக்குத் தளர்ந்திருக்கிறது என்கிறார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’, அதாவது நடுமூளையைத் தூண்டிவிடும் வகுப்பு என்று எங்கள் தண்டையார்பேட்டையில்கூட பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். நடுமூளை கண் அசைவையும் காது கேட்பதையும் பிறந்ததிலிருந்தே கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது, யாரும் வந்து சுவிட்ச் போட வேண்டியதில்லை. சினெஸ்தீசியாவோ வகுப்பு எதுவும் இல்லாமல் சின்ன வயதிலிருந்தே தானாக இருப்பது. கண்ணைக் கட்டினாலும் மூக்கோரத்தில் ஒரு சந்து இருக்கும், அதன் வழியே கீழே வைத்திருப்பது நன்றாகவே தெரியும். நீங்கள் போட்ட படத்திலேயே அட்டை எங்கே இருக்கிறது பாருங்கள், மோவாய்க்குக் கீழே. அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. கைதட்டல் கிடைக்கிறது, பெரியவர்கள் பெருமைப்படுகிறார்கள், எந்தப் பிள்ளைதான் செய்யாது.

எனக்குக் கவலை மற்ற பிள்ளைகளைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், நாளைக்கு நிஜமாகவே 4 பச்சையாக இருக்கிறது என்று சொல்லும் குழந்தையை ஒரு வீட்டில் பொய் சொல்கிறாள் என்று அடிப்பார்கள், இன்னொரு வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், வசதி இருக்கிற வீட்டில் ‘சக்தியை வளர்க்க’ அதே வகுப்பில் பணம் கட்டிச் சேர்ப்பார்கள். இது நோயும் இல்லை, மருந்தும் தேவையில்லை என்று ஒரு வரி நீங்கள் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இப்போதாவது ஒரு விளக்கம் போடுங்கள்.

அப்புறம், அடுத்த தடவை அந்த வகுப்புக்கு நிருபரை அனுப்பினால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். நீச்சல் கண்ணாடி ஒன்றை வாங்கி முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்து அனுப்புங்கள். அட்டையையும் நிருபரே கொண்டுபோய், பையனின் நெற்றிக்கு மேலே பிடித்துக் காட்டட்டும். என்ன நடந்தது என்று அதையும் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81