மாஸ்கோவின் கம்பிக் காசுகள்

அன்புள்ள நண்பனுக்கு,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. நீ அனுப்பிய நான்கு பழைய ரஷ்யக் காசுகளின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகள் பாதியில் நிற்கின்றனவே, யாராவது ஓரத்தை வெட்டிவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். இல்லை, அடிக்கும்போதே அப்படித்தான் விழுந்திருக்கின்றன.

இவை வட்டத் தகட்டில் வெட்டிய காசுகள் அல்ல. வெள்ளியைக் கம்பியாக இழுத்து, ஒரே நீளத்தில் துண்டு போட்டு, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்தவை. தகட்டில் வட்டம் வெட்டினால் மிச்சத் துணுக்குகளை மறுபடி உருக்கவேண்டும். கம்பியில் அந்த வேலையே இல்லை, நீளம்தான் எடை. ஆனால் தட்டையான துண்டு அச்சைவிடச் சிறியது. அதனால் பெரும்பாலான காசுகளில் வாசகம் முழுதாக விழாது. ரஷ்யர்கள் இதைச் செதில் என்றே சொல்கிறார்கள், மீன் செதில் மாதிரியேதான் இருக்கும்.

முறை பழையது என்றாலும் அளவு நிலைப்பட்டது 1535இல். சிறுவனாக இருந்த நான்காம் இவானுக்காக மாஸ்கோவில் ஆட்சியை நடத்திய தாய் எலேனா கிளின்ஸ்கயா, வெட்டுப்பட்ட காசும் கள்ளக்காசும் பெருகியதால் பழையவற்றை விலக்கிப் புதிதாக அடிக்கச் செய்தார். கிரிவென்கா என்ற அக்கால எடையளவு வெள்ளியில், அதாவது சுமார் 204.7 கிராமில், முன்பு நோவ்கோரத்கா என்ற காசு 260 அடித்தார்கள், இப்போது 300. ஒன்று 0.68 கிராம், நூறு சேர்ந்தால் ஒரு ரூபிள். இதில் குதிரைவீரன் கையில் ஈட்டி. இந்தக் காசுக்குக் கோபெக் என்ற பெயர் அந்த ஈட்டியிலிருந்து வந்தது. பாதி எடையான 0.34 கிராம் காசில் வாள். கால் எடையான 0.17 கிராம் காசு பொலுஷ்கா, அதில் ஒரு பறவை மட்டும்.

ஆகவே எழுத்தைப் படிக்க உட்காருவதற்கு முன் எடை போடு. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். 'இவான்' என்ற பெயர் மட்டும் போதாது, ஏனென்றால் 1682 முதல் 1696 வரை ஆண்ட இன்னொரு இவானின் கோபெக்கும் உண்டு. அதற்குள் எடை 0.4 கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது. உன் முதல் காசு 0.66 என்றால் சந்தேகமே இல்லை, பழைய இவான்தான். பிறகு பின்பக்கத்தின் முதல் வரியைப் பார். 'ஜார்', அதாவது பேரரசர், என்று தொடங்கினால் இவான் 1547 ஜனவரியில் முடிசூடிய பிறகு அடித்தது. 'மகா இளவரசர்' என்று தொடங்கினால் அதற்கு முந்தையது. முதல் வரியே விழவில்லையென்றால் அதே அச்சில் அடித்த இன்னொரு காசைத் தேடிப் பொருத்து. இரண்டு மூன்று காசுகளைச் சேர்த்தால் முழு வாசகமும் கிடைத்துவிடும். இந்தக் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

உன் இரண்டாவதும் நான்காவதும் எனக்கு உறுத்துகின்றன. இரண்டுக்கும் ஓரத்தின் வளைவு, இடப்பக்கப் பள்ளம், மூலையில் உள்ள மூக்கு எல்லாம் அச்சு அசலாக ஒன்று. ஒரே அச்சில் இரு காசுகள் விழலாம். ஆனால் கையால் வெட்டித் தட்டிய துண்டு இரண்டு, ஓரம் வரை ஒத்துப்போகாது. ஒரு காசை வைத்து வார்த்த போலிகளாக இருக்கவேண்டும். லென்ஸில் பார், எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, பரப்பில் குமிழிப் புள்ளிகள் தெரியும். நல்ல காசில் இரு முனையிலும் கம்பியை வெட்டிய தடமும், தட்டியபோது ஓரத்தில் விழுந்த விரிசலும் இருக்கும்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாதே. அரை கிராம் வெள்ளியில் குதிரையின் கால் ஒரு மயிரிழை அளவுதான் மேலெழுந்திருக்கும். ஒருமுறை தேய்த்தால் போய்விடும், எடையும் குறையும். மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, ஒற்றி எடு, போதும்.

மூன்றாவதின் பின்பக்கப் படம் வரவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து, எடையோடு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்