பட்டன் கத்தியும் ஒன்பது அங்குலக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பட்டன் கத்தியுடன் சுற்றிய இளைஞர் கைது’ என்ற செய்தியை நாளிதழில் பார்க்கும்போதெல்லாம் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தகரப் பெட்டி நினைவுக்கு வந்துவிடும். அதில் 11 மடக்குக் கத்திகள் இருக்கின்றன. அவற்றில் 7 பட்டனை அமுக்கினால் தானே விரிபவை. நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். அந்தக் கத்திகள் இத்தனை ஆண்டுகளில் என் இடது கட்டைவிரலை ஒரு முறை பதம்பார்த்ததைத் தவிர வேறு எவரையும் தீண்டியதில்லை. ஆயினும் இவற்றை வைத்திருப்பது குற்றமா, இல்லையா என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை ஒரே பதில் கிடைத்ததில்லை. அதனால்தான் இக்கடிதம்.

பெட்டி என் பெரியப்பாவுடையது. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு பெரியம்மா, “உனக்குத்தான் இந்த இரும்புச் சாமான் எல்லாம் பிடிக்கும்” என்று சொல்லி என் கையில் கொடுத்தார். திறந்தபோது 4 கத்திகள் இருந்தன. அவற்றில் நீளமானதன் அலகின் அடியில் ‘மானியாகோ’ என்று பொறித்திருந்தது. அது இத்தாலியின் வடகிழக்கில், ஃபிரியூலி பகுதியில் உள்ள சிற்றூர். பல நூற்றாண்டுகளாகக் கத்தி செய்வதே அவ்வூரின் பிழைப்பு. நம் பக்கத்தில் அரிவாளுக்குத் திருப்பாச்சேத்தி எப்படியோ, பட்டன் கத்திக்கு மானியாகோ அப்படி. மற்ற 7 கத்திகளை நானே பழைய சாமான் கடைகளிலும், நண்பர்கள் வழியாகவும் சேர்த்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக, உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பிடிக்குள் முதுகுப் பக்கமாக ஒரு பட்டை ஸ்பிரிங் படுத்திருக்கும். அலகின் அடிப்பகுதியில் ஒரு சிறு குழி. பட்டனோடு இணைந்த கொக்கி அந்தக் குழியில் விழுந்து, விரியத் துடிக்கும் அலகைப் பிடித்துவைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் கொக்கி எழும்பும். ஸ்பிரிங் அலகை ஓர் உதை உதைக்கும். ‘டக்’ என்ற ஓசையோடு அலகு நேராக நின்றுவிடும். கத்தியை மடக்கும்போதுதான் ஸ்பிரிங் இறுக்கம் ஏறுகிறது. விரிந்திருக்கும்போது அது ஓய்வில் இருக்கிறது. ஆகவே சேகரிப்பவர்கள் இவற்றைப் பெட்டிக்குள் விரித்த நிலையிலேயே வைப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது ஏதோ சண்டைக்குத் தயாராக வைத்ததுபோல் தோன்றும். உண்மையில் பழைய ஸ்பிரிங் சோர்ந்துபோகாமல் இருக்கச் செய்யும் வேலை அது. என் வகுப்பில் நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்; பள்ளிக்கு ஒருநாளும் எடுத்துச் சென்றதில்லை, செல்லவும் கூடாது.

பராமரிப்பு வேறு கதை. தூத்துக்குடிக் காற்றில் உப்பு கலந்தே வரும். மழைக்காலம் வந்தால் வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு அலகைத் துடைக்க வேண்டும். பிடி மாட்டுக்கொம்பால் ஆனதென்றால் கோடையில் சுருங்கி விரிசல் விடும், பூச்சியும் அரிக்கும். கொக்கியின் முனை தேய்ந்துபோன ஒரு கத்தியை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, பட்டனைத் தொடாமலே அது விரிந்துவிட்டது. கட்டைவிரலில் 3 தையல். அன்றிலிருந்து அந்தக் கத்தியின் ஸ்பிரிங்கைக் கழற்றித் தனியே ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நம் நாட்டின் ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டினது. அதன் கீழுள்ள விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுதம் என்கிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்றே செய்யப்பட்டவற்றை விட்டுவிடுகிறது. இந்த அளவுக்குள் பட்டன் என்ற பேச்சே இல்லை. என் மானியாகோ கத்தியின் அலகு 5 அங்குலம்கூட இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு பகுதிக்குத் தனி அறிவிக்கை வழியாகக் கடுமையான கட்டுப்பாடு விதிக்க இடம் தருகிறது. தில்லி நிர்வாகம் 1980 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, ஸ்பிரிங் கத்தி, ‘கராரிதார்’ கத்தி, ‘பட்டன்தார்’ கத்தி என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 7.62 செ.மீ. என்பது சரியாக 3 அங்குலம். ஆக, மத்திய விதியின் கண்ணில் படாத ஒரு கத்தி, ரயில் தில்லியைத் தொட்டதும் வழக்குக்குரிய பொருளாகிவிடலாம்.

‘கராரி’ என்றால் பற்சக்கரம். உத்தரப்பிரதேசத்து ராம்பூர்க் கத்தியைத் திறக்கும்போது எழும் ‘கரகர’ ஓசைக்கு அந்தப் பல்வெட்டுதான் காரணம். நவாபுகள் காலத்தில் வாள் செய்த கொல்லர் குடும்பங்கள், துப்பாக்கி வந்து வாளுக்கு வேலையில்லாமல் போனபின் மடக்குக் கத்திக்கு மாறின என்பது அவ்வூர் வழக்கு. 1990-களில் மாநில அரசு நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத் தடை விதித்ததும் அந்தத் தொழில் ஒடுங்கியது. வேடிக்கை என்னவென்றால், 2023-இல் அதே ஊரின் ஒரு நாற்சந்தியில் சுமார் 20 அடி நீள ராம்பூர்க் கத்தி ஒன்றை நினைவுச்சின்னமாக நிறுத்தி, அந்த இடத்துக்கு ‘சாக்கு சௌராஹா’, அதாவது கத்தி நாற்சந்தி, என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நாலரை அங்குலத்தைத் தாண்டினால் கொல்லனுக்கு வழக்கு. 20 அடி என்றால் திறப்பு விழா.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று, கத்திகளின் படங்களையும் அலகின் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்குச் சென்றேன். முதலில் பேசிய அலுவலர், “சார், இதெல்லாம் வீட்டில் வைக்கவே கூடாது, கடலில் போட்டுவிடுங்கள்” என்றார். அடுத்தவர், “சின்னக் கத்திக்கெல்லாம் லைசென்ஸ் கிடையாது, பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். மூன்றாமவர் எதுவும் சொல்லாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது எப்படி சார் திறக்கும்?” என்று கேட்டார். நான் அவர்களைக் குறைசொல்லவில்லை. அந்த மேசையில் அவர்கள் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு பக்கத் தமிழ் விளக்கம்கூட இல்லை என்பதே என் குறை.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பதைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் 1890-களில் பட்டன் கத்திக்குக் காப்புரிமை பெற்று நியூயார்க் மாநிலத்தில் தொழிற்சாலை வைத்தபோது, அது நகத்தை உடைத்துக்கொள்ளாமல் ஒரு கையால் திறக்கும் வசதியான பேனாக்கத்தியாகத்தான் விற்றது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரர்களுக்குக் கயிறு அறுக்க அதே வகைக் கத்தி கொடுக்கப்பட்டது. போர் முடிந்து திரும்பிய வீரர்கள் இத்தாலியிலிருந்து மெல்லிய நீளக் கத்திகளைக் கொண்டுவந்தார்கள். 1950-இல் ஒரு பெண்கள் இதழ் ‘கொல்லும் பொம்மை’ என்ற பொருளில் தலைப்பிட்டு இவற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. தெருச்சண்டை இளைஞர்களைக் காட்டிய திரைப்படங்கள் தொடர்ந்து வந்தன. 1958 ஆகஸ்டில் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலம் வரையிலான அலகு கொண்ட பட்டன் கத்தியைத் தன்னுடன் வைத்திருந்தால் சட்டம் அவரைத் தொடாது. எவ்வளவு அவசரத்தில் எழுதிய சட்டமாக இருந்தாலும், இந்தக் கருவி யாருக்காவது பயன்படும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து அடுத்த ஆண்டே, அதாவது 1959-இல், செய்வதையும் விற்பதையும் தடுத்தது. அறுபது ஆண்டுகள் கழித்து இயற்றிய இன்னொரு சட்டத்தால், 2021 ஜூலை 14 முதல் சொந்த வீட்டுக்குள் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் அதற்கு முன் சில மாதங்கள் அவகாசம் கொடுத்து, ஒப்படைப்பவர்களுக்கு இழப்பீடும் வழங்கியது. தடையை நான் ஏற்கவில்லை. அவகாசமும் இழப்பீடும் கொடுத்த நாகரிகத்தை மதிக்கிறேன். இதற்கு நேர்மாறாக, 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், ஆயுதம் தாங்கும் உரிமையைக் காட்டித் தன் மாநிலத்தின் பட்டன் கத்தித் தடையை ரத்து செய்தது. சேகரிப்பவர்கள் பலர் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதற்கான உரிமையை நான் கேட்கவில்லை; அப்படி ஓர் உரிமை நம் ஊரில் யாருக்கும் வேண்டவும் வேண்டாம்.

நான் கேட்பது வேறு. தமிழ்நாட்டில் வெட்டுக்குத்துச் செய்திகளில் பெரும்பாலும் வருவது அரிவாள். அதற்காக யாரும் வீட்டுக் கொல்லையில் இருக்கும் அரிவாளைப் பிடுங்கச் சொல்வதில்லை. 2021-இல் காவல்துறை வேறு வழியைக் கையாண்டது: பட்டறைக்காரர்களைக் கூட்டி, அரிவாள் வாங்க வருபவரின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளச் சொன்னது. வெயிலிலும் உலைச் சூட்டிலும் நின்று நாள் முழுக்க இரும்படிக்கும் மனிதர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். ஆனால் கைப்பேசியில் படம் பார்த்து, பட்டனைத் தட்டி, வீட்டுவாசலில் பொட்டலமாக வாங்கும் மடக்குக் கத்திக்கு அந்த நோட்டு கிடையாது. ‘சமையலறைப் பொருள்’, ‘முகாம் கருவி’ என்று தலைப்பிட்டு விற்கும் பக்கங்களை நானே பார்த்திருக்கிறேன். வாங்குபவர் பதினைந்து வயதுப் பையனா, அறுபது வயது வாத்தியாரா என்று அங்கே கேட்பார் இல்லை. என் முன்னாள் மாணவர் ஒருவரின் மகன், பள்ளிப் பையில் அப்படி வாங்கிய ஒன்றை வைத்திருந்து அகப்பட்டான். என் பெட்டியிலுள்ளவற்றோடு ஒப்பிட்டால் அது கத்தியே இல்லை. மெல்லிய தகடு, பிளாஸ்டிக் பிடி, கொக்கி என்ற பெயரில் வளைத்த ஒரு கம்பி. மடித்து வைத்திருக்கும்போதே தொடையில் பாய்ந்துவிடும். அவன் தந்தை அதை என்னிடம் காட்டியபோது, நான் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

எனவே அரசு மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, இணையத்தில் விற்பவருக்கும் பட்டறைக்காரருக்கு உள்ள அதே கடமையை விதித்து, வயதுச் சான்று இல்லாமல் தானே விரியும் கத்தியை அனுப்பக் கூடாது என்று ஆக்குவது. இரண்டாவது, பொது இடத்தில் எடுத்துச் செல்வதை, அலகு எத்தனை அங்குலமாக இருந்தாலும், தெளிவாகத் தடுப்பது; இதற்குச் சேகரிப்பவர் எவரும் மறுப்புச் சொல்லமாட்டார். மூன்றாவது, வீட்டில் பூட்டிவைத்திருக்கும் பழைய கத்திகளைப் படத்தோடும் அளவோடும் மாவட்ட அளவில் பதிவு செய்துகொள்ள ஒரு படிவம் தருவது. கட்டணம் வைத்தாலும் கட்டுகிறேன். என்னைப்போல் நாலு பேர் தாங்களாக வந்து பதிவு செய்தால், பதிவில்லாமல் தெருவில் அகப்படுவதை அடையாளம் காண்பது காவல்துறைக்குச் சுலபமாகும். சேகரிப்பவர்களும் தங்கள் பங்குக்கு, விரியும் காட்சியைப் படம்பிடித்து இளைஞர்கள் பார்க்கும் இடங்களில் போட்டுப் பெருமையடிப்பதை நிறுத்த வேண்டும். அந்த ‘டக்’ ஓசைக்கு ஒரு மயக்கம் உண்டு. அதை நான் மறுக்கமாட்டேன். அதனாலேயே சொல்கிறேன்.

எனக்கு இதில் அவசரம் உண்டு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. என் ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள். மேலே சொன்ன சட்டத்தால் அவள் இந்தப் பெட்டியைத் தன் வீட்டில் வைக்க முடியாது. இங்கே இருக்கும் தம்பி மகனிடம் கொடுக்கலாம் என்றால், நாளை யாராவது வந்து கேட்டால் அவன் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனையின் வாள்களையும் குத்துவாள்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு கப்பல் தொழிலாளி கொண்டுவந்த மானியாகோ கத்திக்கு அங்கே இடம் உண்டா, அப்படிக் கொடுக்க வேண்டுமானால் எந்த வழியில் சென்னை வரை கொண்டுசெல்வது என்று சட்டம் அறிந்த தங்கள் வாசகர் எவரேனும் இதே பகுதியில் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி.